முதுகைத் தொடும் முன்

பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் தன்னை ஆஸ்டியோபாத், அதாவது எலும்பு, தசை வலிகளுக்குக் கையால் சிகிச்சை தருபவர், என்று சொல்லிக்கொண்டால் அது கிரிமினல் குற்றம். 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, பதிவேட்டைப் பராமரிப்பது பொது ஆஸ்டியோபதி கவுன்சில். இந்த அங்கீகாரம் லேசில் கிடைக்கவில்லை. 1935-இல் பிரபுக்கள் சபைக் குழு இதே அங்கீகாரம் கோரிய மசோதாவை விசாரித்தபோது, லண்டனில் 1917-இல் ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கிய ஜான் மார்ட்டின் லிட்டில்ஜானைக் குடைந்தெடுத்துவிட்டார்கள். மசோதா கைவிடப்பட்டது.

ஆஸ்டியோபதியை உருவாக்கியவர் அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்குப் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்த அவருக்கு அக்கால மருந்துகள் மேல் நம்பிக்கை விட்டுப்போனது. எலும்பையும் தசையையும் சீராக்கினால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்றார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி திறந்தார். இன்று அமெரிக்காவில் அந்த வழியில் படித்தவர்கள் முழு மருத்துவர்கள். அறுவை சிகிச்சையும் செய்வார்கள். பிரிட்டனிலோ ஆஸ்டியோபாத் மருத்துவர் அல்லர், மருந்துச் சீட்டு எழுத முடியாது.

ஆனாலும் படிப்பு நான்கைந்து ஆண்டுகள். உடற்கூறியல், நோயியல் எல்லாம் உண்டு. மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி ஏறத்தாழ 1,000 மணி நேரம். கை வித்தையைவிட, எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிவதுதான் இதில் பெரிய பாடம் என்பேன். முதுகுவலியோடு வருபவரிடம், உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, சிறுநீர் அடக்க முடியவில்லையா, அல்லது வரவே மாட்டேனென்கிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் தண்டுவடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகும். அவரை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது போன்றவையும் விசாரிக்க வேண்டியவையே.

வருபவர்களில் பெரும்பாலோர் முதுகு, கழுத்து, தோள் வலிக்காரர்கள். பலர் கைக்காசு கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். அவசரமில்லாமல் கதை கேட்டு, நடக்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்க்கும் கவனிப்பு அவர்களுக்குப் பிடிக்கிறது. நெட்டி முறியும் சத்தம் கேட்டதும் விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாகச் சிலர் நிம்மதி அடைவதும் உண்டு. அது எலும்பின் சத்தமே அல்ல. மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவின் வேலை.

பலன் எவ்வளவு? கீழ்முதுகு வலிக்குக் கை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் தந்த வழிகாட்டுதல். மண்டையோட்டை மெல்லத் தொட்டுச் செய்யும் கிரேனியல் முறைக்கு ஆதாரம் மிகப் பலவீனம். பதிவேட்டில் பெயர் இருப்பது படிப்புக்கும் நடத்தைக்கும்தான் உத்தரவாதம். அவர் கையாளும் ஒவ்வொரு முறைக்கும் அல்ல. கைக்குழந்தையின் ஓயாத அழுகையை நிறுத்துவோம் என்று விளம்பரம் செய்தவர்களிடம் ஆதாரம் கேட்டது கவுன்சில் அல்ல, விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு.