அறுபத்தொன்பது ஜி.பி. எங்கே போயிற்று?

புதிதாக ஹார்டு டிஸ்க் வாங்கிவரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "பெட்டியின்மேல் ஒரு டெராபைட் என்று போட்டிருக்கிறது, கணினியில் செருகினால் 931 ஜி.பி. என்று காட்டுகிறதே! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?"

இல்லை. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலத்தை நம் தாத்தாமார் அறிவார்கள். நெல் அதே நெல்தான். அளக்கும் படிதான் வேறு. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸோ 1024, 1024 ஆகப் பெருக்குகிறது. அதன் ஒரு ஜி.பி. ஏறத்தாழ 107 கோடியே 37 லட்சம் பைட். லட்சம் கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். இந்தப் பெரிய படிக்கு 'ஜிபிபைட்' என்று 1998-லேயே தனிப் பெயர் சூட்டியாயிற்று. விண்டோஸ் பழைய பெயரை விடவில்லை. ஆப்பிள் கணினிகள் 2009-இல் ஆயிரக் கணக்கிற்கு மாறிவிட்டதால், அதே டிஸ்க் அங்கே ஆயிரமாகவே தோன்றும்.

உண்மையாகவே இடத்தை விழுங்குவது வேறொன்று. விண்டோஸுக்கும் ஆப்பிளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நம்மவர் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்கிறார்கள். விண்டோஸ் அப்போது இடத்தை வழக்கமாக 128 கிலோபைட் அறைகளாக வகுக்கும். இரண்டே கிலோபைட் கோப்பானாலும் ஓர் அறை முழுவதும் அதற்கே. சோதனைக் கூடத்தில் சேரும் இத்தகைய பத்தாயிரம் குட்டிக் கோப்புகள், கூட்டினால் 20 மெகாபைட் அளவே தேறுபவை, 130 கோடி பைட்டுக்குமேல் அடைத்துக்கொள்ளும். ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிப் போட்டால் இத்தொல்லை இல்லை.

இனி உறுதியைப் பார்ப்போம். சுழலும் டிஸ்க் மலிவு. ஆனால் அதன் எழுதுமுனை தட்டுக்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. ஓடாதபோது பைக்குள் குலுங்குவதை ஓரளவு தாங்கும்; ஓடும்போது விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். ரயிலில் மேல் பெர்த்தில் அதை மடியில் வைத்துப் படம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும்! அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.தான் இரண்டு இரவுப் பயணத்துக்கு ஏற்றது. ஐ.பி.67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும். விழுவதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பதைத் தனியே பார்க்கவேண்டும்.

16 டெராபைட் என்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பவற்றைத் தொடவேண்டா. உள்ளே இருப்பது சிறிய நினைவக அட்டை. கணினியிடம் பொய்யளவு சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிரம்பியபின் எழுதுவது பழையதை அழித்துக்கொண்டே போகும். கோப்பின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே எதை வாங்கினாலும், ஆய்வேட்டை அதில் ஏற்றுமுன் விளிம்புவரை நிரப்பி, திரும்பப் படித்துச் சோதியுங்கள். இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு.

என்னைக் கேட்டால், பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு வாங்கி, ஒன்றை ஊரில் அலமாரியில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். அலமாரியில் கிடப்பது சுழலும் டிஸ்க்காகவே இருக்கட்டும், எஸ்.எஸ்.டி. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அதில் எழுதியது மெல்ல மங்கக்கூடும்.