பூஞ்சையிழை நுனி

பூஞ்சையிழை நுனி என்பது பூஞ்சையின் உடலாக அமைந்த நுண்ணிய இழைகள் நீண்டு வளரும் முனைப்பகுதியாகும். இந்த இழையைப் பாடநூல்கள் ஹைஃபா என்றும், இழைகள் பின்னிப் படர்ந்த வலையை மைசீலியம் என்றும் குறிப்பிடுகின்றன. இழையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், நீள்வது அதன் முனையில் உள்ள சில மைக்ரோமீட்டர் பகுதி மட்டுமே.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் அம்பத்தூர், ஆவடி வீடுகளில் எடுத்து வைக்க மறந்த ரொட்டித் துண்டின்மேல் வெண்பஞ்சு போலப் பூசணம் படர்வதைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் ரைசோப்பஸ் வகை. மேலே தெரியும் பஞ்சோடு பூஞ்சை நின்றுவிடுவதில்லை. இழை நுனிகள் ரொட்டிக்குள்ளும் இறங்கியிருக்கும். பூசணத்தைச் சுரண்டிவிட்டு மீதியைத் தின்னும் பழக்கம் தவறானது என்பதற்கு இதுவே காரணம்.

தென்னையின் வேரும் நுனியில்தான் வளர்கிறது. ஆனால் அங்கே செல்கள் பிரிந்து பெருகி, பின் நீள்கின்றன. பூஞ்சையில் அப்படியன்று. நுனிச் செல் தன் சுவரையே முன்பக்கமாகக் கட்டிக்கொண்டு போகிறது. வளரும் இழையின் பின்பகுதியில் இரண்டு இடங்களை அடையாளமிட்டால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறுவதில்லை. முன்னால் இருக்கும் அடையாளத்துக்கும் நுனிக்கும் இடைப்பட்ட தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். மாணவர்கள் தேர்வில் அடிக்கடி தவறவிடும் வேறுபாடு இது.

நுனியின் உள்ளமைப்பு

நுனியின் முன்பகுதியில் உட்கருக்கள் காணப்படுவதில்லை. அங்கே நிறைந்திருப்பவை மிகச் சிறிய சவ்வுக் குமிழ்கள். சற்றுப் பின்னே மைட்டோகாண்டிரியாக்களும், அதற்கும் பின்னே உட்கருக்களும், முதிர்ந்த பகுதியில் பெரிய நுண்குமிழிகளும் இருக்கும். பல பூஞ்சைகளில் இழைக்குள் குறுக்குச்சுவர்கள் உண்டு. அவற்றின் நடுவே துளை இருப்பதால் குழைமம் செல்லுக்குச் செல் ஓடி நுனிக்கு வந்து சேர்கிறது. இழை எங்காவது அறுந்தால், ஆஸ்கோமைசீட்ஸ் வகையில் வோரோனின் உறுப்புகள் அந்தத் துளையை உடனே அடைத்துவிடும்.

நுனியில் அடர்த்தியான ஒரு புள்ளி இருப்பதை 1924-இல் புருன்ஸ்விக் சாயமேற்றிய காளான் இழைகளில் கண்டு, ஜெர்மன் மொழியில் 'ஸ்பிட்சன்கோர்பர்', அதாவது 'நுனியுடல்' என்று பெயரிட்டார். 1957-இல் கிர்பார்ட் அதை உயிருள்ள இழையிலேயே பார்த்தார். இழை நேராகச் செல்லும்போது அது நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் நகர்ந்தால் இழையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. வளர்ச்சி நின்றால் மறைந்துபோகிறது. பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கி அது ஒரு குமிழ்க் கூட்டம் என்று காட்டியது. நுண்குழல்கள் வழியே தொலைவிலிருந்து வரும் குமிழ்கள் அங்கே சேர்ந்து, ஆக்டின் இழைகளின் உதவியால் நுனிச் சவ்வை அடைகின்றன.

குமிழ்கள் கொண்டுவருபவை சுவரை உருவாக்கும் நொதிகளும் புதிய சவ்வும் ஆகும். அந்த நொதிகள் நுனியில் கைட்டின், குளூக்கான் என்னும் சர்க்கரைத் தொடர்களை உருவாக்குகின்றன. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் தார் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். இயந்திரத்தை ஒட்டிய தார் இளகியிருக்கும், சற்றுப் பின்னால் இறுகியிருக்கும். அதுபோல நுனியில் புதிதாக இட்ட சுவர் இளகியது. பின்னால் கைட்டினும் குளூக்கானும் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. உள்ளிருக்கும் நீரின் விறைப்பழுத்தம் இளகிய இடத்தையே முன்தள்ளும். நியூரோஸ்போரா நுனியில் நிமிடத்துக்குச் சுமார் 38,000 குமிழ்கள் வந்து சேர வேண்டும் என்று கோலிஞ்சும் டிரின்சியும் 1974-இல் கணக்கிட்டனர். அந்தப் பூஞ்சை ஒரே நாளில் 8 சென்டிமீட்டருக்கு மேல் படரும் என்பதை எண்ணினால் இந்த எண்ணிக்கை வியப்பாக இராது.

நோயும் மருந்தும்

இழையின் ஊடுருவும் ஆற்றல் நுனியில் இருக்கிறது. பருத்தி வாடல் நோயில் ஃபியூசேரியம் இழைகள் வேருக்குள் புகுந்து நீர்க்குழாய்களை அடைகின்றன. இந்நோயைச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவரது குழுவினரும் விரிவாக ஆராய்ந்தனர். பூஞ்சை சுரக்கும் ஃபியூசாரிக் அமிலம் நோயுற்ற செடிக்குள்ளேயே இருப்பது 1950-களில் அங்கே கண்டறியப்பட்டது.

இளகிய நுனியே பூஞ்சையின் பலவீனமும் ஆகும். 2001-இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற காஸ்போஃபஞ்சின் குளூக்கான் உற்பத்தியைத் தடுக்கிறது. அதனால் ஆஸ்பெர்ஜில்லஸ் இழைகளின் நுனிகள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கின்றன. மனிதச் செல்லுக்குச் சுவர் இல்லாததால் இது தாக்கும் இலக்கு நம் உடலில் இல்லை.

இந்த மருந்து எல்லாப் பூஞ்சைக்கும் உதவாது. 2021 மே மாதத்தில் தமிழக அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்த கருப்புப் பூஞ்சை, ரொட்டிப் பூசணத்தின் உறவினர்களான மியூகோரேல்ஸ் வகையால் வருவது. இவ்வகையின் இழைகள் அகலமானவை, குறுக்குச்சுவர் அரிதானவை. நுனிக் குமிழ்கள் உருண்டையாகத் திரளாமல் பிறைபோல அமைகின்றன. இரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்வதால் திசுக்கள் இரத்தமின்றிக் கருகுகின்றன. காஸ்போஃபஞ்சின் இவற்றிடம் தனித்துப் பயன் தராது. இழையின் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்ளும் ஆம்போடெரிசின்-பி மருந்தையே மருத்துவர்கள் முதன்மையாக நம்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அம்மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதும் இதனால்தான்.