வீட்டில் தனித்திருக்கும் பல்லி



ஊருக்குப் புறப்படும் குடும்பத்தில் கடைசி அரைமணி நேரம் எவ்வாறு கழியும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஜன்னல்களை அடைத்தாயிற்றா, அடுப்பை அணைத்தாயிற்றா, சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். வீட்டில் நாய் இருந்தால் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைப்போம். பசு இருந்தால் வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் ஆள் ஏற்பாடு செய்வோம். பல்லியைப் பற்றி மட்டும் எவரும் கவலைப்படுவதில்லை. நம் வீட்டுச் சுவர்ப் பல்லி நம்மைக் கேட்டு உண்பதுமில்லை. நாம் இல்லாவிடில் பட்டினி கிடப்பதுமில்லை.

ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் பல்லியைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்போர் பலர் உண்டு. அவர்கள் விரும்பி வளர்ப்பனவற்றுள் ஒன்று லெப்பர்ட் கெக்கோ என்னும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் சிதறியிருப்பதால் இப்பெயர் பெற்றது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களே இதன் தாயகம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிசாலையைப் பேணிவந்த எட்வர்டு பிளைத் என்னும் அறிஞர் 1854ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். நம் சுவர்ப் பல்லியைப் போல் இது செங்குத்தான சுவரில் ஏறாது. விரல்களில் அதற்குரிய பட்டைகள் இல்லை. கண்ணை மூடித் திறக்க இமைகள் உண்டு. பகலெல்லாம் பாறையிடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி மயங்கியபின் இரை தேடப் புறப்படும்.

இங்கிலாந்தில் இத்தகைய பல்லியொன்றை வளர்க்கும் கல்லூரி மாணவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். பனிக்காலம். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோரைக் காணப் புறப்படுகிறான்; திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவான். மூன்று நாட்கள் பசித்திருக்குமே என்று இரக்கங்கொண்டு, முப்பது சிள்வண்டுகளை உயிருடன் தொட்டிக்குள் விடுகிறான். பிறகு, ஆளில்லாத வீட்டில் மின்சாரம் ஓடினால் தீவிபத்து நேரலாமே என்று அஞ்சி, மின்னிணைப்பை அணைத்துவிட்டுச் செல்கிறான். முன்னது அன்பினால் செய்த காரியம். பின்னது எச்சரிக்கையினால் செய்த காரியம். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் இரண்டுமே பல்லிக்குத் தீங்காய் முடியக்கூடும். எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

முதலில் பசியை எடுத்துக்கொள்வோம். மனிதன், நாய், எலி ஆகிய நாம் எல்லோரும் வெப்ப இரத்தப் பிராணிகள். உண்ணும் உணவில் பெரும்பகுதியை உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவிடுகிறோம். உடல் சிறிதானால் சூடு விரைவில் வெளியேறும், செலவும் மிகும். ஆகையால்தான் மிகச் சிறிய மூஞ்சூறு இனங்கள் சில மணி நேரம் இரையின்றி இருந்தாலே இறந்துவிடுகின்றன. பல்லியின் குடும்பக் கணக்கு வேறு. தன் உடலுக்கு வேண்டிய சூட்டை அது உள்ளே உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து பெறுகிறது. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய உணவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ, அதனினும் குறைவோ அதற்குப் போதும். அன்றியும் சிறுத்தைப் பல்லி தன் பருத்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கிறது. தாயகத்தின் குளிர்காலத்தை அது கடப்பது இச்சேமிப்பைக் கொண்டுதான். நன்கு வளர்ந்து, வால் கொழுத்து, நோயின்றி இருக்கும் பல்லிக்கு இரண்டு மூன்று நாட்கள் இரையில்லாமை ஒரு பொருட்டன்று. வீட்டில் நாம் இருக்கும்போதும் வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறைதான் இரை இடுகிறார்கள்.

அப்படியிருக்க, அந்த முப்பது சிள்வண்டுகள் என்ன செய்யும்? பல்லி சிலவற்றை உண்ணும். எஞ்சியவை பசித்துத் திரியும். உண்ண வேறொன்றும் கிடைக்காதபோது, உறங்கும் பல்லியின் தோலையும் விரல்களையும் அவை கடிக்கத் தொடங்கும். இரை, இரை தின்னியாக மாறிவிடுகிறது!

அடுத்தது வெப்பம். இதுதான் உயிர்நாடி. தொட்டியின் ஒரு பக்கத்தில் தரை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடனும், மறுபக்கம் 25 டிகிரியளவில் குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், போதுமென்றால் மறுபக்கமும் சென்று பல்லி தன் உடலைத் தானே சீர்செய்துகொள்ளும். அதன் வயிறு உண்டதைச் செரிப்பதும் இவ்வெப்பத்தினால்தான். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு நெருப்பை அணைத்தால் அரிசி வேகுமா? வயிறு நிறைய உண்ட பல்லியின் தொட்டி குளிர்ந்துபோனால் செரிமானம் நின்றுவிடும். உண்ட இரை உள்ளேயே கெட்டுப்போகும். வெறும் வயிற்றோடு குளிர்வதைவிட, நிறைந்த வயிற்றோடு குளிர்வதே பல்லிக்குப் பேராபத்து. நம் மாணவன் அறியாமல் இவ்விரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டான்.

இனி, அவன் செய்திருக்க வேண்டியது என்ன? புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே வழக்கமான அளவில் இரையிட்டு, எஞ்சிய பூச்சிகளைப் பொறுக்கி அகற்றிவிட வேண்டும். எளிதில் கவிழாத கனத்த தட்டில் புதிய தண்ணீர் வைக்க வேண்டும். தோலுரிக்கும் பருவத்தில் உதவும் ஈரப்பாசி நிறைந்த பொந்தை நனைத்து வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியிலுள்ள மின்வெப்ப விரிப்பை அணைத்தலும் கூடாது. கட்டுப்பாடின்றி எரிய விடுதலும் கூடாது. அளவுக்கு மேல் சூடேறினால் பல்லியின் வயிறு வெந்து புண்ணாகும். வெப்பம் ஏறினால் மின்சாரத்தைத் தானே நிறுத்தி, இறங்கினால் தானே தொடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கருவியைப் பொருத்த வேண்டும். அதையும் புறப்படும் நாளன்று பொருத்தலாகாது. சில நாள் முன்னரே பொருத்தி, தனியாக ஒரு வெப்பமானியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இவை யாவும் வளர்ந்த, நலமான பல்லிக்கே பொருந்தும். குஞ்சுகளின் வாலில் சேமிப்பு குறைவு. அவை நாள்தோறும் உண்பவை. நோயுற்றதையும் முட்டையிடும் நிலையிலுள்ளதையும் தனியே விடலாகாது. பயணம் மூன்று நாட்களைக் கடந்தாலும், மின்சாரம் நிற்கும் அச்சம் இருந்தாலும், நண்பர் ஒருவர் நாள்தோறும் வந்து வெப்பமானியையும் தண்ணீரையும் பார்த்துச் செல்லுதல் நன்று. எட்டிப் பார்த்தால் போதும். கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டுவதில்லை. அச்சமுற்றால் பல்லி வாலை உதறிவிடும். வால் போனால் சேமிப்பும் போயிற்று.

இதைக் கேட்டு, நாமும் ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமே என்ற ஆசை இளைஞர் எவருக்கேனும் எழுந்தால், ஒரு சொல். காட்டில் உரிமையோடு திரியும் உயிரைப் பிடித்து அடைப்பது அன்பாகாது. நம் நாட்டில் உடும்பு முதலானவற்றைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

நமக்குப் பசித்தால் பிறவுயிர்க்கும் பசிக்கும் என்று எண்ணுவது உயர்ந்த குணமே. ஆனால் அவ்வுயிர் எவ்வாறு வாழ்கிறது என்று கற்றறிவதும் அன்பின் கடமையே. அந்த மாணவன் இரக்கத்தில் குறைந்தவன் அல்லன். தன் பசியைப் பல்லியின் பசியாக எண்ணியதே அவன் செய்த பிழை. அதை உணர்ந்து நடந்திருந்தால், திங்கட்கிழமை காலை அவன் கதவைத் திறக்கும்போது, சூடான பக்கத்துக் கல்லின் அடியில் பல்லி அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும்.