கொதிகலனும் நச்சுக் காற்றும்

நம் ஊரில் வீட்டைக் குளிர வைக்கத்தான் பணம் செலவழிக்கிறோம். சூடாக்குவதற்கு ஓர் இயந்திரம், அதைப் பார்க்க ஆண்டுக்கொரு முறை ஓர் ஆள் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அப்படிப்பட்ட வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். மான்செஸ்டரில் படித்த என் அக்காள் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவன் இருந்த வீட்டில், சமையலறை அலமாரிக்குள் ஒரு கொதிகலன். எரிவாயு எரிந்து அதிலுள்ள நீரைக் காய்ச்சும். அந்நீர் குழாய் வழியே சென்று அறைகளைச் சூடாக்கும். புகை தனிக் குழாயில் வெளியேறும். நவம்பரில் ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றித் துடைத்தார். அரை மணி நேரத்தில் போய்விட்டார். எரிவாயுவும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றனவா என்று அவர் கருவி வைத்துப் பார்க்கவில்லை. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை மடங்கிக் கிடந்ததையும் கவனிக்கவில்லை.

காற்றுக் குறைவாக இருந்தால் எரிவாயு முழுமையாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, இது பிராணவாயுவைப் போல் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம். உடலுக்குப் பிராணவாயு போய்ச் சேராது. நம் பழைய தோட்டத்து வீடுகளில் விறகடுப்புப் புகை ஓட்டிடுக்கில் வெளியேறிவிடும். அங்கே குளிருக்குப் பயந்து சன்னல், கதவு எல்லாம் அடைத்திருப்பார்கள்.

பையன்கள் மூவருக்கும் தலைவலி, குமட்டல், அசதி. குளிர்காலக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கல்லூரிக்குப் போனால் தலைவலி விட்டுவிடும், வீடு திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். காய்ச்சலா வீட்டுக்கு வீடு பார்த்து வரும்? அந்தக் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. நான்காம் நாள் இரவு சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. வாடகை வீடுகளில் கொதிகலன் உள்ள அறையில் இக்கருவி இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் சட்டம். சன்னல்களைத் திறந்து, கொதிகலனை அணைத்து, மூவரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி எல்லாம் நலம் என்றே காட்டியது. நச்சு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. இரத்தத்தை எடுத்துச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது. சாதாரணக் காற்றில் இந்நச்சுப் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகிவிடும். விடியுமுன் தேறினார்கள்.

மறுநாள் வேறொருவர் வந்து எரிவாயுவைத் துண்டித்து, 'பயன்படுத்தாதீர்' என்று சீட்டுக் கட்டிப் போனார். பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்கள் 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்க வேண்டும். அவர்களுடைய அட்டையின் பின்புறத்தில், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அச்சாகியிருக்கும். முதலில் வந்தவரிடம் பையன்கள் அந்த அட்டையைக் கேட்கவே இல்லை. பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாம்!

மூன்று நாள் கம்பளிக்குள் நடுங்கினார்கள். முதலில் வந்து பார்த்த நிறுவனம், அந்த வருகைக்கான கட்டணச் சீட்டை அதே வாரம் அனுப்பியிருந்தது.