நானோ காந்தத்தில் மின்னோட்டம் எழுப்பும் அலைவு: கே. எஸ். கிருஷ்ணனின் திருப்புவிசை ஆய்வை முன்வைத்து ஒரு விளக்கம்

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சர் சி. வி. இராமனுடன் அவர் செய்த ஒளிச்சிதறல் ஆய்வே பெரிதும் பேசப்படுகிறது. பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்து அவர் நிகழ்த்திய ஆய்வுகள், தமிழில் அந்த அளவிற்கு அறிமுகமாகவில்லை. நானோ காந்த அலையியற்றியைப் புரிந்துகொள்ள அவ்வாய்வுகள் நல்ல தொடக்கமாகும்.

படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தமாவதில்லை. இதுவே காந்தத் திசைச்சார்பு. கிருஷ்ணன் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுச் சீரான காந்தப்புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையைத் திருகத் திருக, புலம் தரும் திருப்புவிசை படிகத்தைப் பழைய நிலைக்கு இழுக்கும். விலகல் ஏறத்தாழ 45 பாகையைக் கடந்ததும் படிகம் சட்டெனப் புரண்டுவிடும். அதற்குத் தேவைப்பட்ட திருகலின் அளவிலிருந்து திசைச்சார்பு கணக்கிடப்பட்டது.

அங்கே திரும்பியது படிகம் முழுவதும். நானோ காந்தத்தில் படிகம் அசைவதில்லை. அதன் காந்தமாக்கத் திசை மட்டுமே திரும்புகிறது. திருகும் வேலையை இழைக்குப் பதிலாக எலக்ட்ரான்கள் செய்கின்றன. தடித்த காந்தப் படலம் ஒன்றின் வழியே செல்லும் மின்னோட்டத்தில் ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் மிகுகின்றன. அவை அடுத்துள்ள மெல்லிய காந்தப் படலத்தை அடையும்போது தம் கோண உந்தத்தின் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. இதனால் திருப்புவிசை எழும் என்று 1996இல் ஸ்லோன்செவ்ஸ்கியும் பெர்ஜேயும் தனித்தனியே கணித்தனர்.

காந்தமாக்கம் பம்பரம்போல் புலத்தைச் சுற்றித் தலையாட்டும். தடையுறு விளைவு அதனை விரைவில் அடக்கிவிடும். மின்னோட்டத்தின் திருப்புவிசை, உரிய திசையில் செலுத்தப்பட்டால், இந்த அடக்கத்திற்கு எதிராக நிற்கிறது. சிவகாசியின் சங்குசக்கரத்தை இங்கே நினைக்கலாம். மருந்தின் உந்தல் தரையின் உராய்வை வெல்லாதவரை சக்கரம் சுழலாது. ஒப்புமை இவ்வளவே. சக்கரத்தின் வேகத்தை உந்தல் முடிவு செய்கிறது. காந்தமாக்கத்தின் அதிர்வெண்ணையோ முதன்மையாகப் புலமும் திசைச்சார்பும் முடிவு செய்கின்றன. மின்னோட்டம் இழப்பை ஈடுசெய்கிறது. அது மிகுந்தால் அதிர்வெண் ஓரளவு மாறவும் கூடும்.

தேவைப்படும் மின்னோட்ட அடர்த்தி, சதுர சென்டிமீட்டருக்குக் கோடி ஆம்பியர் என்ற அளவிலானது. சாதாரணக் கம்பி இதைத் தாங்காது. 130 நானோமீட்டர் நீளமும் 70 நானோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டத் தூணில் இந்த அடர்த்திக்குச் சில மில்லிஆம்பியரே போதும். நானோ அளவு இங்கே விருப்பத் தேர்வன்று, கட்டாயம். அத்தகைய கோபால்ட் அமைப்பில் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2003இல் அலைவை நேரடியாகப் பதிவு செய்தனர். காந்தமாக்கம் ஆடும்போது மின்தடையும் ஆடுகிறது. ஆகவே நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால் கிகாஹெர்ட்ஸ் அளவிலான மின்னழுத்த அலைவு கிடைக்கிறது.

ஆனால் ஒற்றை அலையியற்றியின் திறன் மிகச் சிறிது. பல அலையியற்றிகள் ஒரே கட்டத்தில் ஆடினால்தான் பயன் உண்டு. சேர்ந்தியங்கும் எண்ணிக்கையின் இருமடிக்கேற்பத் திறன் உயரக்கூடும். அருகருகே அமைந்த இரண்டு அலையியற்றிகள் தாமாகவே ஒத்திசைவதை 2005இல் இரு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் காட்டின. தமிழ்நாட்டின் பங்களிப்பு இக்கட்டத்தில் வருகிறது. பி. சுபாஷ், வி. கே. சந்திரசேகர், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. இலட்சுமணன் ஆகியோர், மின்னோட்டவழிப் பிணைப்பு இல்லாமலேயே, பொதுவான அலைவுறு காந்தப்புலம் அலையியற்றி வரிசையை ஒத்திசைக்கும் என 2013இல் எண்முறைக் கணக்கீட்டால் நிறுவினர்.

அக்கணக்கீடு ஒவ்வொரு காந்தத்தையும் ஒரே திசையன் எனக் கொள்கிறது. உண்மைப் படலத்தில் விளிம்பும் நடுப்பகுதியும் ஒன்றுபோல் ஆட வேண்டும் என்பதில்லை. வெப்பத்தின் இரைச்சலும் கட்டத்தைக் குலைக்கும். வரிசையின் எத்தனை காந்தங்கள் அறை வெப்பநிலையிலும் ஒத்திசைந்தே நிற்கும் என்பது ஆய்வகத்தில் விடை காண வேண்டிய வினாவாகும்.