மலைக் குளிருக்கு ஏற்ற மீன்தொட்டிச் செடிகள்

வண்ணமீன் வியாபாரத்தில் தொட்டி ஒருமுறைதான் விற்கும். தீவனமும் செடியும்தான் வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்பக் கடைக்கு அழைத்து வரும். ஆனால் நம் மலைப் பகுதியில் உயிர்ச்செடி விற்போருக்கு, "வாங்கிய பத்து நாளில் அழுகிவிட்டது" என்ற புகார் புதிதல்ல. சரக்கைத் தேர்ந்தெடுப்பதில் நாம் கொஞ்சம் கவனம் வைத்தால் இந்தப் புகாரைப் பெருமளவு தவிர்க்கலாம்.

சென்னை கொளத்தூரில் விற்பதெல்லாம் ஊட்டியில் விற்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். ஜூன் முதல் மேகமூட்டம். சிவப்பு இலைச் செடிகளுக்கு வெதுவெதுப்பும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் அவை நிலைப்பது கடினம். அத்தகைய தொட்டிக்கு ஏற்ற மீன் தங்கமீன். அதுவோ இளம் இலைகளைக் கடித்துத் தின்னும். இத்தனைக்கும் தாக்குப்பிடிப்பதே நமக்கு ஏற்ற சரக்கு.

ஐந்து செடிகள்

ஜாவா பெரணி: குறைந்த வெளிச்சம் போதும். இலை தடிப்பானதால் தங்கமீன் அதிகம் தொடாது. கிழங்குபோன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகும். நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்ட வேண்டும்.

ஜாவா பாசி: கல்லில் கட்டிவிட்டால் மெதுவாகப் படரும். மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

ஹார்ன்வர்ட்: வேரில்லாமல் மிதந்தபடியே வளரும். குளிர் தாங்கும். விலையும் மலிவு.

ஹைட்ரில்லா: பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் பயன்படும் செடி என்பதால் மாணவர்களும் கேட்டு வருவர். தங்கமீன் இதைத் தின்னும் என்பதைச் சொல்லியே விற்க வேண்டும்.

வாலிஸ்னேரியா: நாடாபோல் நீளும் இலை. மலை நீர் மென்னீர் என்பதால் மணலில் சிறிது கிளிஞ்சல் கலந்தால் செழிக்கும். புதிதாக நட்டதும் பழைய இலை கரையலாம். வேரிலிருந்து புது இலை வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் செடி திரும்பி வராது.

கடையில் கவனிக்க வேண்டியவை

வந்த சரக்கை அலசி, ஒரு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நத்தை ஒட்டியிருந்தால் நீக்கிய பிறகே விற்பனைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பைக்குத் தடையுள்ள நம் மாவட்டத்தில் இதுவே பாதுகாப்பான வழி.

ஓடையில் கொட்டக் கூடாது

பிழைக்கும் செடிதான் தவறான இடத்தில் பெருகவும் செய்யும். 2020 நவம்பரில் மலைக்கு அந்தப்பக்கம் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில், கபொம்பா என்ற தொட்டிச் செடி நீர்வழியை மூடி இளஞ்சிவப்பாகப் பூத்தது. அழகு பார்க்கக் கூட்டம் கூடியது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடி நம் நாட்டு நீர்த்தாவரங்களை நெருக்கி அழிக்கக்கூடியது என்று அறிவியலாளர்கள் எச்சரித்தனர். 1820களில் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து தொல்லை கொடுத்ததும் நாம் அறிந்ததே. அதுவும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான்.

எனவே ஆகாயத்தாமரை, சால்வீனியா, கபொம்பா ஆகியவற்றை நம் கடைகளில் வைக்காமலிருப்பதே நல்லது. கழித்த செடியையும் தொட்டி நீரையும் ஓடையில் விடக் கூடாது. செடியை வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடலாம். நீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றலாம். ரசீதின் பின்புறம் இதை இரண்டு வரியில் அச்சிட்டுக் கொடுத்தால் செலவு அதிகமில்லை.

நீலகிரியின் ஓடைகள் கீழே பவானிக்கும் மோயாற்றுக்கும் போகின்றன. நாம் விற்கும் ஒரு கொத்துச் செடி தொட்டியோடு நிற்கும்படி பார்த்துக்கொள்வதும் நம் வியாபாரத்தின் பொறுப்பே.