முதுமைக்குப் பொறுப்பாளர் யார்?

பிழைப்பின் பொருட்டு மும்பை மாநகருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலானவற்றுக்கு ஊரில் ஒரு முதியவர் உண்டு. அவர் தாயாகவோ தந்தையாகவோ, தாய்போல் வளர்த்த பெரியம்மாவாகவோ இருக்கலாம். மாதந்தோறும் அவர்க்குப் பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வேறு சிலர் அவரை இங்கேயே அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்கின்றனர். எதைச் செய்யினும், முதியவரின் செலவை ஏற்பது யார், அருகிலிருந்து கவனிப்பது யார் என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. முதல் வினாவுக்கு விடை கண்டால் இரண்டாவதும் தானே தீர்ந்துவிடும் என்று நம்பி இருப்பதே நம் குறை.

முன்னாளில் இவ்வினாக்கள் இத்துணைக் கடுமையாக எழவில்லை. 1951 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் அறுபது வயது கடந்தோர் நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேர்; 2011 ஆம் ஆண்டின் கணக்கில் அத்தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. ஆயுள் நீண்டது மகிழத்தக்கதே. ஆனால் அதே காலத்தில் பிள்ளைகளின் தொகை குறைந்தது. இருக்கும் பிள்ளைகளும் வேலை தேடி நெடுந்தொலைவு சென்றனர். நிலமும் வீடும் பொதுவாயிருந்த கூட்டுக் குடும்பத்தில் முதியவரின் சோற்றுக்குத் தனிக் கணக்கு இல்லை. இன்று அக்கணக்கை எழுதியே ஆகவேண்டும்.

அரசு தரும் பணம்

ஆதரவற்ற முதியோர்க்கு மாதாந்தர உதவித்தொகை வழங்கும் முறையை 1957-இல் உத்தரப் பிரதேசம் தொடங்கிற்று. காமராசர் முதலமைச்சராயிருந்த 1962-இல் சென்னை மாநிலமும் மாதம் 20 ரூபாய் வழங்க முற்பட்டது. மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15 முதல் மாதம் 75 ரூபாய் தந்தது. பின்னர் அது 200 ரூபாயாகி, 2011 முதல் 80 வயது நிரம்பியோர்க்கு 500 ரூபாயாயிற்று. அதற்கு மேற்பட்டதை அந்தந்த மாநிலம் தன் கருவூலத்திலிருந்து சேர்க்கிறது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இங்கேதான் நம்போன்றோர்க்கு ஓர் இடர் நேர்கிறது. மகாராஷ்டிரத்தில் 65 வயது நிரம்பிய வறியோர்க்கு ஓர் உதவித் திட்டம் உண்டு. பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணனின் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர். ஆனால் அதனைப் பெற இம்மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்திருத்தல் வேண்டும். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வாழ வந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஊரைவிட்டு வந்ததும் அங்கே பெற்றுவந்த தொகை நின்றது. இங்கே பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கலாமென்றால் அவருக்கு இப்போதே வயது 78. இரு மாநிலங்களும் உதவுகின்றன; இரண்டிற்கும் நடுவில் நிற்பவர்க்கு ஒன்றுமில்லை.

உழைப்போர் சேர்க்கும் பணம்

இரயில்வே எழுத்தராகிய எனக்கும், எனக்கு முன் அதே மேசையில் அமர்ந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கும் பணி ஒன்றே, முதுமை வேறு. 2004 சனவரி முதல் நாளுக்கு முன் சேர்ந்தவர்க்கு வரையறுத்த ஓய்வூதியம் உண்டு. அதன்பின் சேர்ந்தோர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து செலுத்த, 2019 முதல் அரசு நூற்றுக்குப் பதினான்கு செலுத்துகிறது. முடிவில் கிடைப்பது சந்தை நிலவரத்தைப் பொறுத்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தோர்க்கு, 25 ஆண்டுப் பணிக்குப்பின், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியிற் பாதி உறுதி.

ஆலைகளிலும் கம்பெனிகளிலும் உழைப்போர்க்குச் சேமநிதியைச் சார்ந்த ஓய்வூதியம் 1995-இல் ஏற்பட்டது; அதன் குறைந்த அளவு 2014-இல் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. இட்டலிக் கடையும் தாராவியில் தோல் பட்டறையும் நடத்தும் நம் அன்பர்க்கு அதுவும் இல்லை. அவர்கள் கருதத்தக்கது 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயது வரையுள்ளோர் வங்கி வாயிலாக இதிற் சேரலாம். அறுபதாம் வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்வோர் கட்ட வேண்டியது மாதம் 210 ரூபாய். 40 வயதில் சேர்வோர் கட்ட வேண்டியது 1,454 ரூபாய். நாற்பது ஆண்டு கழித்து அந்த 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இராது என்பது உண்மையே. எனினும் காலத்தே தொடங்குவதன் பயனை வீட்டு இளைஞர்க்கு உணர்த்த இவ்விரு எண்களே போதும்.

சட்டத்தின் துணை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மகன், மகள் மட்டுமன்றி வயது வந்த பேரன் பேத்தியரும் இதன்கண் கடமைப்பட்டவர். பிள்ளையில்லாத முதியவர்க்கு அவர் சொத்தை அடையப்போகும் உறவினர் பொறுப்பாவர். முதியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளைகள் வசிக்கும் மாவட்டத்திலோ தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். ஆகவே தொலைவு நமக்குச் சாக்காகாது. வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை தருமாறு ஆணையிடலாம் என்று சட்டம் கூறுகிறது. தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணாதவிடத்து மீட்கவும் வழியுண்டு. ஊர் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதும் பெரியவர்கள் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்தல் நன்று.

கவனிக்கும் கைகள்

நிற்க. மேற்கூறிய யாவும் பணம். படுக்கையிலுள்ள முதியவரைத் திருப்பிப் படுக்கவைக்கப் பணம் வாராது, கைகள் வேண்டும். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பியோர்க்கு, வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு உண்டு. பிற மாநிலத்து மருத்துவமனைகளிலும் இது செல்லும். ஆனால் அது மருத்துவமனையிற் சேர்த்த நோயாளிக்கே பயன்படும். வீடு திரும்பியபின் மருந்து ஊட்டுபவர், துணி துவைப்பவர், இரவில் விழித்திருப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டு மருமகளோ மகளோதான். அவ்வுழைப்பு எக்கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அவர் வேலைக்குச் செல்பவராயின் சுமை இரட்டிக்கிறது.

இதற்கு வழிகாட்டியது கேரளம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பயிற்சி பெற்ற தொண்டர்களால் வட்டாரந்தோறும் பரவியது. 2008-இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். அக்கம்பக்கத்தார் முறைவைத்து உதவுகின்றனர். தமிழ்நாட்டிலும் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டுக்கே செல்கிறது. ஊரிலுள்ள நம் பெற்றோரின் பெயர் அதிற் பதிவாகியுள்ளதா என்று அடுத்தமுறை தொலைபேசியிற் பேசும்போது கேட்டறிக.

இங்கே நம்மோடிருக்கும் முதியோர்க்குச் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, உறுப்பினர் இல்லங்களில் 70 வயது கடந்தோரின் பட்டியல் ஒன்று எழுதுதல். இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறன்று விண்ணப்பங்கள் நிரப்பித் தருதல். ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்வுச் சான்றினை 2014 முதல் கைரேகை வழியே எவ்விடத்திலிருந்தும் அளிக்கலாமாதலின் அதனையும் அன்றே முடிக்கலாம். மூன்றாவது, நோயுற்ற முதியவர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு மணி நேரம் உடனிருக்க முறைவைத்து அன்பர்களை அனுப்புதல். அந்த இரண்டு மணி நேரம் அவ்வீட்டுப் பெண் சற்றுத் துயில உதவும். மராத்தியும் இந்தியும் அறியாத முதியவர்க்குத் தமிழில் பேச ஒருவர் கிடைப்பார்.

அவசர உதவிக்கு 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பட்டியலுக்கு உரிய பெயர்களை இம்மாத இறுதிக்குள் சங்கச் செயலாளரிடம் அளிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.